நைன் இஞ்ச் நெய்ல்ஸை எது கவிழ்த்தது?

"1994இல் உலகமே பேசிய பேண்ட். 1999இல் வந்த ஆல்பம் முதல் வாரமே நம்பர் ஒன், அடுத்த வாரமே சரிவு. பிறகு ஆறு வருடம் புது ஆல்பமே இல்லை. நைன் இஞ்ச் நெய்ல்ஸைக் கவிழ்த்தது போதையா, இல்லை ராக் இசையின் காலமே முடிந்துவிட்டதா? இன்று புதிதாகக் கேட்பவன் எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சத்தில் இருந்தபோது அந்த வண்டி ஏன் தடம் புரண்டது, யார் பொறுப்பு என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதை நிஜம், ஆளையே கொன்றிருக்கும். ஆனால் அந்தப் பேண்டின் ஆண்டுகளையும் பணத்தையும் தின்றதில் பெரும் பங்கு இருபத்து சொச்சம் வயதில் போட்ட கையெழுத்துகளுக்கும், எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டும் என்ற ஒரு மனிதரின் வேலை முறைக்கும் உரியது. நான் ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்து பிழைப்பவன். ஒலியைப் பற்றிச் சொல்வது என் கைப்பழக்கத்திலிருந்து வருவது. ஒப்பந்தம், வழக்கு பற்றிச் சொல்வது பேட்டிகளையும் தீர்ப்புச் செய்திகளையும் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "பேண்ட்" என்று சொல்கிறோமே தவிர, முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்பது ட்ரென்ட் ரெஸ்னர் என்ற ஒரே ஆள். 1965இல் பிறந்தவர், பென்சில்வேனியா மாநிலத்தில் மெர்சர் என்ற சிற்றூரில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே முறையாகப் பியானோ படித்தவர். கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்ந்து ஒரே வருடத்தில் விட்டுவிட்டு ஒஹையோவில் உள்ள கிளீவ்லாண்ட் போனார். அங்கே சில உள்ளூர்ப் பேண்டுகளில் கீபோர்டு வாசித்தார். வயிற்றுப்பாட்டுக்கு ரைட் ட்ராக் என்ற ஸ்டூடியோவில் வேலை: பாதி நேரம் உதவி இன்ஜினியர், பாதி நேரம் துப்புரவுப் பணி. வாடிக்கையாளர் இல்லாத இரவுகளில் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி அனுமதித்தார். தான் மனதில் கேட்டதை வாசிக்கக்கூடிய ஆட்கள் கிடைக்கவில்லை, அதனால் பாடகர் பிரின்ஸ் செய்தது போல எல்லாக் கருவியையும் நானே வாசித்தேன் என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேடைக்கு மட்டும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். கிறிஸ் வ்ரென்னா, ரிச்சர்ட் பேட்ரிக், ராபின் ஃபிங்க், டேனி லோனர், சார்லி க்ளவுசர் என்று ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ரிச்சர்ட் பேட்ரிக் விலகி ஃபில்டர் என்ற பேண்டைத் தொடங்கினார். க்ளவுசர் பின்னாளில் சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். ஆல்பம் என்று வந்தால் கடைசி முடிவு ஒருவர் கையில்தான்.

நைன் இஞ்ச் நெய்ல்ஸை இன்டஸ்ட்ரியல் ராக் என்பார்கள். இயந்திர இரைச்சலையே இசையாக்கும் இன்டஸ்ட்ரியல் என்ற இசைவகை ரெஸ்னருக்கு முன்பே இருந்தது. 1970களின் நடுவில் இங்கிலாந்தில் த்ராபிங் கிரிஸ்ல் குழு 'இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் சொந்த லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) தொடங்கியதிலிருந்துதான் பெயரே வந்தது. ஷெஃபீல்டில் கேபரே வோல்டேர். மேற்கு பெர்லினில் 1980இல் ஐன்ஸ்டூர்ட்ஸெண்டே நாய்பௌட்டன். இவர்கள் டிரம்ஸுக்குப் பதிலாக இரும்புத் தகடு, ஸ்பிரிங், துளையிடும் இயந்திரம் என்று கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள், நெடுஞ்சாலைப் பாலத்துக்குள்ளே புகுந்து ஒலிப்பதிவு செய்தார்கள். வான்கூவரில் ஸ்கின்னி பப்பி, சிகாகோவில் மினிஸ்ட்ரி. இவர்கள் யாரும் வீட்டில் அம்மா கேட்கும் இசை செய்ய நினைத்தவர்கள் இல்லை. ரெஸ்னர் செய்தது என்ன என்றால், அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு பாப் பாட்டின் எலும்புக்கூட்டை வைத்தார். மெதுவான சரணம், ஏறி வந்து வெடிக்கும் பல்லவி, அழக்கூடிய ஒரு மனிதக் குரல். இயந்திரச் சத்தத்தின் நடுவே ஒருவன் தன் சொந்த அவமானத்தைப் பற்றிப் பேசுகிறான். தூய்மைவாதிகள் அவரை இன்றும் இன்டஸ்ட்ரியல் என்று ஏற்பதில்லை. அந்தச் சண்டையில் எனக்கு ருசி இல்லை. இன்டஸ்ட்ரியல் ராக் என்று 'ராக்' சேர்த்துச் சொன்னால் அவர்தான் அதன் பெரிய பெயர் என்பதில் சந்தேகமும் இல்லை.

முதல் ஆல்பம் 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' 1989 அக்டோபரில் வந்தது. அதை வெளியிட்ட டிவிடி (TVT) ரெக்கார்ட்ஸ், பழைய தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்பிசையைத் தொகுத்து விற்றுக் காலூன்றிய சிறு நிறுவனம். முடிந்த ஆல்பத்தைக் கேட்டு அதன் தலைவர் ஸ்டீவ் காட்லீப் முகம் சுளித்தார் என்பது ரெஸ்னர் சொல்லி நாம் அறிந்தது. அமெரிக்கத் தரவரிசையில் அந்த ஆல்பம் 75ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை, ஆனால் பட்டியலை விட்டு இறங்கவும் இல்லை. நூறு வாரங்களுக்கு மேல் அங்கேயே கிடந்து, பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. சுயேச்சை லேபிள் ஒன்றின் ஆல்பம் அப்போது அவ்வளவு விற்பது அபூர்வம். விளம்பரத்தால் விற்றதைவிட மேடையால் விற்றது அதிகம். 1991இல் ஊர் ஊராகப் போய் நடந்த முதல் லொல்லபலூசா இசை விழாவில் அவர்கள் கீபோர்டை உடைத்த உடைப்பு ஊர் ஊராகப் பேசப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பாவில் கன்ஸ் அன் ரோஸஸுக்கு முன்னால் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டே விரட்டியதும் நடந்தது. இந்தக் காலகட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் வீடியோவுக்காக ரெஸ்னர் பிணம்போலக் கிடக்கும் காட்சியை பலூனில் கட்டிய கேமராவால் சிகாகோவில் எடுத்தார்கள். கயிறு அறுந்து கேமரா பறந்துபோய் மிச்சிகனில் ஒரு விவசாயியின் வயலில் விழுந்தது. அவர் அதைப் போலீஸில் கொடுக்க, ஏதோ நிஜக் கொலை என்று நினைத்து எஃப்பிஐ வரை விசாரணை போனது. செத்ததாக நினைத்த ஆள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆல்பம் விற்க ஆரம்பித்ததும் டிவிடி அதே போல இன்னொன்று, இன்னும் சுலபமாகப் பாடக்கூடியதாக வேண்டும் என்று நெருக்கியதாக ரெஸ்னர் சொல்கிறார். ஒப்பந்தம் பல ஆல்பங்களுக்கானது, வெளியே வர வழி இல்லை. உங்களுக்கு இனி எதுவும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நிறுவனத்துக்குத் தெரியாமல் வேறு வேறு பெயர்களில் ஸ்டூடியோ எடுத்து ரகசியமாகப் பதிவு செய்ததுதான் 'ப்ரோக்கன்'. கடைசியில் ஜிம்மி அயோவீனின் இன்டர்ஸ்கோப் நிறுவனம் டிவிடியோடு பேரம் பேசி ரெஸ்னரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் அவருக்கும் அவருடைய மேனேஜர் ஜான் மால்முக்கும் 'நத்திங் ரெக்கார்ட்ஸ்' என்று தனி லேபிளும் அமைந்தது. செப்டம்பரில் வந்த 'ப்ரோக்கன்' ஏழாம் இடம் போனது, அதில் ஒரு பாட்டு அடுத்த ஆண்டு மெட்டல் பிரிவில் கிராமி வாங்கியது. இந்தச் சண்டை நடந்ததும், இன்டர்ஸ்கோப் கைமாற்றியதும் உறுதியான செய்தி. நெருக்கடியின் அளவும் ரகசியப் பதிவின் விவரங்களும் ஒரு தரப்பின் வாய்வழி வந்தவை. ஆனால் என் காதுக்கு ஒரு சாட்சி உண்டு: 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' சிந்தசைசரால் கட்டியது, 'ப்ரோக்கன்' முழுக்கக் கிட்டார். அதுவும் ஒரு அங்குல இடைவெளி விடாமல் சுவர் போல எழுப்பிய கிட்டார். கோபத்தில் இருப்பவர் கலந்த கலவை அது.

இப்போது 'த டவுன்வர்ட் ஸ்பைரல்'. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் சீலோ டிரைவ் 10050 என்ற வீட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஸ்டூடியோ அமைத்துப் பதிவு செய்தார்கள். 1969இல் நடிகை ஷரோன் டேட்டும் உடனிருந்தவர்களும் சார்ல்ஸ் மேன்சன் கும்பலால் கொல்லப்பட்ட வீடு அது. கொலையாளிகள் கதவில் ரத்தத்தால் எழுதிய சொல்லை ஒட்டி ஸ்டூடியோவுக்கு 'ல பிக்' என்றே பெயர் வைத்தார். பிற்பாடு ஷரோனின் தங்கை ஒருநாள் எதிர்ப்பட்டு, என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறாயா என்று கேட்டபோதுதான் தான் செய்வது என்ன என்று உறைத்தது, வீட்டுக்குப் போய் அழுதேன் என்று 1997இல் ரெஸ்னரே பேட்டியில் சொன்னார். நல்லது. ஆனாலும் அந்த வீட்டின் வாசல் கதவைப் பெயர்த்துத் தன் அடுத்த ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். வீடு 1994இல் இடிக்கப்பட்டது. இந்த வீட்டுக் கதையைச் சொல்லாமல் யாரும் அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கென்னவோ அதில் உள்ள ஒலிக்கும் அந்த வீட்டுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அந்த ஒலி எந்த அறையிலும் பிறந்திருக்கக்கூடியது, ஏனென்றால் அதில் அறையே இல்லை.

என்ன சொல்கிறேன் என்றால், வழக்கமாக ராக் பதிவில் கிட்டார் ஆம்ப்பின் (ஒலிபெருக்கிப் பெட்டியின்) முன்னால் மைக் வைப்போம். அறையின் காற்றும் எதிரொலியும் கொஞ்சம் உள்ளே வரும். இங்கே கிட்டார்களில் பலவற்றை ஜூம் 9030 போன்ற டிஜிட்டல் எஃபெக்ட் பெட்டி வழியாக நேரே உள்ளே இறக்கி, கம்ப்யூட்டரிலும், ஒலித்துண்டுகளைச் சேமித்து வாசிக்கும் சாம்ப்ளரிலும் வெட்டி, திருப்பி, கசக்கி வைத்திருக்கிறார்கள். காற்று இல்லாத கிட்டார். 'க்ளோசர்' பாட்டின் அந்தத் துடிப்பு, இகி பாப் 1977இல் வெளியிட்ட ஒரு பாட்டின் டிரம்ஸ் சத்தத்தை எடுத்து உருமாற்றியது. 'மார்ச் ஆஃப் த பிக்ஸ்' மூன்று முறை ஏழாகவும் ஒரு முறை எட்டாகவும் எண்ணும் தாளம். நம் ஊர்க் காதுக்கு ஏழு ஒன்றும் பயமில்லை, மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு எண்ணிக்கை கூடுதலாக விழும்போது காலடியில் படி இல்லாதது போல இருக்கும். தயாரிப்பில் ஃப்ளட் என்பவரும் மிக்ஸிங்கில் ஆலன் மோல்டரும் இருந்தார்கள், கிட்டாருக்கு ஏட்ரியன் பெலூ வந்தார். ஆக, "எல்லாம் நானே" என்பது கறாரான உண்மை இல்லை. நல்ல காதுகள் பக்கத்தில் இருந்தன. ஒலி ரொம்ப மெதுவாகத் தாழ்ந்து, நீங்கள் வால்யூமைக் கூட்டிய நொடியில் பாய்ந்து கடிக்கும்படி மிக்ஸ் செய்த துணிச்சல்தான் எனக்கு இன்றும் பாடம். இப்போது பாட்டு முழுவதையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிடுகிறோம், அந்த ஏமாற்று வித்தைக்கு இடமே இல்லை.

1994 மார்ச்சில் வெளிவந்து நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்தது. ஆகஸ்டில் உட்ஸ்டாக் '94 விழாவில் மேடையேறும் முன் சேற்றில் புரண்டு, தலையிலிருந்து கால்வரை சேறாக வந்து வாசித்தார்கள். அந்த ஒரு இரவு அவர்களை ராக் பத்திரிகைக்கு வெளியே வீட்டு டிவிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பத்துக்கு நாற்பது லட்சம் பிரதிகளுக்கான சான்று கிடைத்தது. வெளிச்சத்தோடு வெயிலும் வந்தது. 1995இல் சமூக ஆர்வலர் டெலோரஸ் டக்கர், முன்னாள் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் ஆகியோர் ராப் இசையோடு இவர்களையும் சேர்த்து, இளைஞர்களைக் கெடுக்கிறார்கள் என்று டைம் வார்னரை நெருக்கினார்கள். டைம் வார்னர் இன்டர்ஸ்கோப்பில் இருந்த தன் பங்கையே விற்றுக் கைகழுவியது. இதனால் ரெஸ்னருக்கு நஷ்டம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. கெட்ட பெயர் அந்த வியாபாரத்தில் முதலீடுதான்.

உண்மையான நஷ்டம் வீட்டுக்குள் நடந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் டூர், குடி, கொக்கெய்ன். டூர் முடிந்து நியூ ஆர்லியன்ஸில் முன்பு ஈமச்சடங்குக் கூடமாக இருந்த கட்டிடத்தில் ஸ்டூடியோ அமைத்து உட்கார்ந்தார். தன் லேபிளில் வளர்த்துவிட்ட பாடகர் மேரிலின் மேன்சனோடு நட்பு முறிந்தது. 1997இல், வளர்த்த பாட்டி இறந்தார். எழுத உட்கார்ந்தால் வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வந்தபோது அடங்காமல் வந்தது: 23 உருப்படி, இரண்டு டிஸ்க், 100 நிமிடத்துக்கு மேல். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தயாரிப்பாளர் பாப் எஸ்ரினை அழைத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இப்படி உருவானதுதான் நீங்கள் குறிப்பிடும் 1999 ஆல்பம், 'த ஃப்ரஜைல்'. முதல் வாரம் சுமார் 2,28,000 பிரதிகள் விற்று முதலிடம், இரண்டாம் வாரம் 16ஆம் இடம். முதலிடத்திலிருந்து அவ்வளவு தூரம் விழுந்தது அப்போதைக்கு ஒரு சாதனை.

இந்த எண்ணை வைத்துத்தான் "கவிழ்ந்தது" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது சரியான வாசிப்பு இல்லை. ஐந்தரை வருடம் காத்திருந்த ரசிகர்கள் எல்லாரும் முதல் வாரமே கடைக்கு ஓடினால், இரண்டாம் வாரம் வாங்க ஆள் இருக்காது. அந்தச் சரிவு ரசிகர்களின் விசுவாசத்தைக் காட்டுகிறது, புது ஆட்கள் வரவில்லை என்பதையும் காட்டுகிறது. புது ஆட்கள் வராததற்குக் காரணம் சொல்வது கஷ்டமில்லை: இரட்டை ஆல்பத்தின் விலை அதிகம், வானொலிக்கு ஏற்ற பாட்டு குறைவு, அதே ஆண்டு லிம்ப் பிஸ்கிட் பேண்ட் வகையறா கோபத்தை இன்னும் சுலபமாகப் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அது ஊகம். ராக் காலம் முடிந்தது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன், 1999 ராக் கொழித்த வருடம். இசையாகப் பார்த்தால் 'த ஃப்ரஜைல்' அவருடைய ஆகச் சிறந்த வேலை என்பது என் கருத்து, இதில் நான் சிறுபான்மை. அடுத்து வந்த டூருக்கு இன்டர்ஸ்கோப் பணம் தர மறுத்ததால் ரெஸ்னர் தன் கைக்காசைப் போட்டு நடத்தினார் என்பது செய்தி. 2000 ஜூனில் லண்டனில், கொக்கெய்ன் என்று நினைத்து ஹெராயினை உறிஞ்சி மருத்துவமனையில் கண் விழித்தார். அன்றைய நிகழ்ச்சி ரத்தானது. 2001இல் சிகிச்சைக்குப் போனார், அதற்குப் பிறகு தொடவில்லை.

ஆக, போதை பற்றிய உங்கள் கேள்விக்கு: அது இருந்தது, சாவின் வாசல்வரை கொண்டுபோனது, மீண்ட பிறகு வேலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தது. இவ்வளவும் உறுதி. ஆனால் போதை இல்லாமலிருந்தால் 1994க்கும் 1999க்கும் நடுவே அந்த ஐந்தரை வருட இடைவெளி வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்தையும் தானே செதுக்கி, வேண்டாம் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாமல் வேலை செய்பவர்கள் தெளிந்த புத்தியோடும் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்வதை ஸ்டூடியோக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு எதையும் எப்போதும் மாற்றலாம் என்று ஆகிவிட்டது. அதனால் எதுவும் முடிவதில்லை.

அடுத்தது காசு. 2003 வாக்கில் தன் நிதிநிலையைக் கேட்டபோது, கையில் ரொக்கமாகச் சில லட்சம் டாலர்தான் மிச்சம் என்று தெரியவந்தது, அதுவும் கோடிக்கணக்கில் சம்பாதித்த பிறகு. மேனேஜர் மால்ம் மீது வழக்குத் தொடுத்தார். அதில் வெளிவந்த விஷயம்தான் இளம் இசைக்கலைஞர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது. ஆரம்ப நாட்களில் போட்ட ஒப்பந்தத்தில் மேனேஜருக்கு 20 சதவீதம். செலவு போக மிஞ்சும் தொகையில் அல்ல, மொத்த வரவில். டூரில் நூறு ரூபாய் வந்து தொண்ணூறு ரூபாய் செலவானால், மிச்சம் பத்து. மேனேஜர் பங்கு இருபது. நீங்கள் கைக்காசிலிருந்து பத்து எடுத்துத் தரவேண்டும். போதாததற்குப் பேண்டின் பெயர் உரிமையிலும் அவருக்குப் பாதி. 2005இல் நியூயார்க்கில் ஜூரி ரெஸ்னர் பக்கம் தீர்ப்பளித்தது, கிட்டத்தட்ட முப்பது லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மால்ம் தரப்பு வாதத்தையும் சொல்வதுதான் நியாயம்: பல ஆண்டுகள் நான் கூலி வாங்காமல் உழைத்தேன், இவர் ஆல்பம் முடிக்காமல் இழுத்ததும் தாறுமாறாகச் செலவு செய்ததும்தான் பணம் கரையக் காரணம் என்றார்கள். ஜூரி ஏற்கவில்லை. ஆனால் அதில் கொஞ்சம்கூட உண்மை இல்லை என்று, ஐந்தரை வருடம் ஒரு ஸ்டூடியோவைச் சொந்தச் செலவில் ஓட்டிய மனிதரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தைப் படிக்காதது அவர் குற்றம், அப்படி ஒரு காகிதத்தை நீட்டியது மற்றவர் குற்றம்.

நடுவே 2002இல் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ், 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் 'ஹர்ட்' பாட்டை எடுத்துப் பாடினார். ரிக் ரூபின் தயாரித்தார், ஒரு வசைச் சொல்லை மட்டும் 'முள்' என்று மாற்றினார்கள். வீடியோவைப் பார்த்த பிறகு இந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்று ரெஸ்னர் சொன்னது ஊரறிந்த கதை, நீட்ட வேண்டாம். ஒன்று மட்டும்: மூலப் பாட்டை இரைச்சலுக்காகவே ஒதுக்கியவர்கள், கேஷ் பாடியதும்தான் உள்ளே இருந்த மெட்டைக் கண்டுகொண்டார்கள். பாப் எலும்புக்கூடு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

2005இல் 'வித் டீத்' வந்தது, டிரம்ஸில் டேவ் கிரோல், மறுபடி முதலிடம். எனவே "1999க்குப் பிறகு கவிழ்ந்தது" என்பதே பாதி உண்மைதான். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமானது அடுத்த மூன்று வருடம். 2007இல் 'இயர் ஸீரோ' என்ற ஆல்பத்தை ஒரு புதிர் விளையாட்டோடு வெளியிட்டார்கள். லிஸ்பன் கச்சேரி நடந்த கட்டிடத்தின் கழிப்பறையில் பென்டிரைவை விட்டுவைத்து, அதில் வெளிவராத பாட்டு. டூர் சட்டையில் தடித்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு இணைய முகவரி. அதே வருடம் ஆஸ்திரேலியாவில் தன் சிடி மட்டும் மற்றவர்களுடையதைவிட அதிக விலைக்கு விற்பதைப் பார்த்து நிறுவனத்தினரிடம் கேட்டிருக்கிறார். உங்கள் ரசிகர்கள் எவ்வளவு என்றாலும் வாங்குவார்கள் என்று பதில் வந்ததாம். சிட்னி மேடையில் நின்று, திருடிக்கொள்ளுங்கள், நண்பர்களுக்கும் கொடுங்கள் என்று ரசிகர்களிடம் சொல்லிவிட்டார். அக்டோபரில் இன்டர்ஸ்கோப் ஒப்பந்தம் முடிந்தது.

விடுதலையான கையோடு அவர் செய்த பரிசோதனைகளின் எண்கள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன, அதனால் உறுதியாகப் பேசலாம். முதலில் கவிஞர் சால் வில்லியம்ஸின் ஆல்பத்தைத் தயாரித்து, இலவசமாகவும் எடுக்கலாம், ஐந்து டாலர் கொடுத்தும் எடுக்கலாம் என்று இணையத்தில் வைத்தார். 1,54,449 பேர் எடுத்தார்கள், 28,322 பேர் காசு கொடுத்தார்கள். ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மனம் உடைந்து போனதாக எழுதினார். ஆனால் பாடம் கற்றுக்கொண்டார். 2008 மார்ச்சில் வாய்ப்பாட்டே இல்லாத 36 இசைத் துண்டுகளை 'கோஸ்ட்ஸ் 1–4' என்று வெளியிட்டபோது முதல் ஒன்பது இலவசம், முழுவதும் ஐந்து டாலர், சிடி பத்து டாலர், அலங்காரப் பதிப்பு 75 டாலர், கையெழுத்திட்ட 2,500 பெட்டிகள் ஒவ்வொன்றும் 300 டாலர். அந்தப் பெட்டிகள் ஓரிரு நாளில் தீர்ந்தன. அதிலேயே ஏழரை லட்சம் டாலர். முதல் வாரத்தில் மொத்தம் 16 லட்சம் டாலர். இலவசத்தை ஒரு முனையிலும், உயிரை விடும் ரசிகனுக்கான பொருளை மறு முனையிலும் வைத்தால் நடுவில் காசு வரும் என்ற இன்றைய சுயேச்சைக் கலைஞர்களின் கணக்குக்கு இதுவும் ஒரு முன்மாதிரி. ஆனால் இதை எல்லாரும் செய்துவிட முடியாது. அந்த 2,500 பேரைச் சேர்த்துக் கொடுத்தது, அவர் திட்டித் தீர்த்த பெரிய நிறுவனங்களின் பதினைந்து வருட விளம்பரம். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். 2013இல் 'ஹெசிட்டேஷன் மார்க்ஸ்' ஆல்பத்துக்குக் கொலம்பியா நிறுவனத்திடம் போனார்.

வேலை முறை என்று சொன்னேனே, அதுவும் இதற்கிடையில் மாறிவிட்டது. 'வித் டீத்' காலத்திலிருந்து ஆட்டிகஸ் ராஸ் என்ற ஆங்கிலேயர் கூட வேலை செய்யத் தொடங்கினார். இருவரும் 'த சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு இசையமைத்து 2011இல் ஆஸ்கர் வாங்கினார்கள், 2021இல் 'சோல்' படத்துக்கு ஜான் பட்டிஸ்டோடு சேர்ந்து இன்னொன்று. சினிமாவில் தேதி உண்டு, இயக்குநர் உண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவார். ஐந்தரை வருடம் எடுத்துக்கொள்ள முடியாது. 2016இல் ராஸை நைன் இஞ்ச் நெய்ல்ஸின் முழு உறுப்பினராக அறிவித்தார்கள். பேண்டுக்கு இரண்டாவது ஆள் வர இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. வந்த பிறகு இடைவெளிகள் சுருங்கின, அடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று சிறு வெளியீடுகள் வந்தன. காரணம் ராஸா, வயதா, குடும்பமா என்று அறுதியிட முடியாது. தொழில் அனுபவத்தில் நான் ராஸ் பக்கம் பந்தயம் கட்டுவேன். 2019இல் லில் நாஸ் எக்ஸ் பாடி 19 வாரம் முதலிடத்தில் நின்ற 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டின் பாஞ்சோ ஒலி 'கோஸ்ட்ஸ்' துண்டு ஒன்றிலிருந்து எடுத்தது. வாய்ப்பாட்டே இல்லாத அந்தப் பரிசோதனைதான் ரெஸ்னர் பெயரை நாட்டுப்புறப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் கொண்டுபோய் வைத்தது.

கடைசியாக, எதிலிருந்து தொடங்குவது. பலர் 'த டவுன்வர்ட் ஸ்பைரல்' என்பார்கள். முதல் தடவையே அதில் இறங்கினால் பாதியில் எழுந்து ஓடிவிடும் வாய்ப்பு அதிகம். 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' கேளுங்கள், 2010இல் வந்த மறுபதிப்பைத் தேடி எடுங்கள், பழைய சிடியைவிட கீழ் சுருதி (பேஸ்) ஒலி தெளிவு. மெட்டு பிடிபட்டால் அடுத்து 'த டவுன்வர்ட் ஸ்பைரல்', அதையும் ஹெட்ஃபோனில், முதல் பாட்டு தொடங்கும்போது வால்யூமைப் பாதியில் வைத்துக்கொண்டு. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் 'கோஸ்ட்ஸ்' போடுங்கள், குரல் இல்லாததால் கதை, கோபம் எதுவும் குறுக்கே வராது. 'த ஃப்ரஜைல்' மூன்றாவதாக இருக்கட்டும். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் கேட்காதீர்கள், 'லெஃப்ட்' (இடது) என்று பெயரிட்ட முதல் டிஸ்க்கோடு ஒரு வாரம் இருங்கள்.